அந்த ஆசிட்டு எங்கம்மா போவுது?

போன தீபாவளிக்கு ரெண்டாவது நாள், காலையில ஆறரை மணி இருக்கும், கோப்பி கலக்கி எடுத்துக்கிட்டு பின்கதவைத் திறந்தா எங்க நீச்சல் பூல் பச்சையா நிக்குது. லேசான பச்சைன்னா கூட பரவால்ல, செண்டோல் கலர். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் சின்னவன் ஆழமான பக்கத்துல போட்ட 20 சென் காசு தரையில மின்னுனது தெரிஞ்சுது, ராத்திரி ஒரு மழை அடிச்சுது, அவ்வளவுதான். அன்னிக்கு மத்தியானம் எங்க வீட்டுல ஓப்பன் ஹவுஸ், ஈப்போவுல இருந்து சின்னம்மா குடும்பம், தைப்பிங்ல இருந்து வீட்டுக்காரர் பக்கத்து சொந்தம், எல்லா பிள்ளைங்களும் துண்டும் மாத்து துணியுமா வந்து எறங்குதுங்க, பூல் இருக்கு பூல் இருக்குன்னு ஒரு மாசமா சொல்லி வச்சதே நான்தான். சின்னம்மா எட்டிப் பாத்துட்டு "ஏம்பிள்ளை, கெளுத்தி வளக்குறீங்களா"ன்னு கேட்டாங்க. கேலிக்குதான் கேட்டாங்க, ஆனா கடிச்ச முறுக்கு எனக்கு தொண்டையிலயே நின்னுச்சு.

மானம் போனதுகூட ரெண்டு நாள்ல ஆறிடுச்சு. ஆறாதது வேற ஒன்னு. பச்சையைப் பாத்த உடனே நான் ஓடிப்போய் டெஸ்ட் கிட்டை எடுத்து தண்ணியை அளந்தேன், குளோரின் 3 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல மூணு பங்குன்னு காட்டுச்சு. புளிப்பு-கார அளவு, பிஎச், 7.2. ரெண்டுமே கிட்டு மூடியில 'நல்லது'ன்னு கட்டம் கட்டியிருக்கிற இடத்துக்குள்ளயே இருக்கு. திரும்ப அளந்தேன், அதே 3. குளோரின் இருக்குதுன்னா பாசி எப்படி வரும், பாசி வந்துருச்சுன்னா குளோரின் எப்படி மிச்சம் இருக்கும்? நான் கணக்கு வேலை பாக்குறவ, ரெண்டு பக்கமும் ஒத்து வராத பேரேட்டை மூடி வச்சிட்டு தூங்க எனக்கு வராது. அந்த மூணும் அந்தப் பச்சையும் ஒரே தண்ணியில எப்படி இருந்துச்சுன்னு புரிஞ்சுக்க எனக்கு டிசம்பர் வரைக்கும் ஆச்சு, அதுவும் நானா கண்டுபிடிக்கல, எஸ்டேட் ஸ்டோர்ல 31 வருஷம் ரப்பர் பால் கட்டின எங்கப்பாதான் கண்டுபிடிச்சாரு.

லேலோங் வீடு

மலேசியாவுல இந்த சுங்கை சிப்புட் டவுன்ல பூல் வச்ச வீடா, எப்படி வாங்குனீங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க, அதனால சுருக்கமா சொல்லிடுறேன். லேலோங்ல, அதாவது ஏலத்துல எடுத்தது. ஒரு சீன கண்ட்ராக்டர் கட்டின வீடு, டவுனை விட்டு தள்ளி, பின்னாடி செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் ஆரம்பிக்கிற இடம். பிள்ளைங்க வெளிநாட்டுல செட்டிலாயிட்டாங்க, வீடு ஆறு வருஷம் பூட்டியே கிடந்துச்சு, லேலோங்ல ரெண்டு தடவை யாரும் கேக்கல, விலை இறங்கிக்கிட்டே வந்து எங்க பட்ஜெட்ல நின்னுச்சு. ஏன் யாரும் கேக்கலன்னு பின்பக்கம் போனப்பதான் தெரிஞ்சுது. எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், கருப்பு டீத்தண்ணி மாதிரி ஒரு குட்டை, மேல ஒரு முழம் இலை மெத்தை, அதுக்கு மேல ஒரு பீயாவாக் உடும்பு படுத்து வெயில் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நாங்க வந்ததை அது கண்டுக்கவே இல்ல, வீட்டுக்காரங்க அதுதான்னு நெனச்சிக்கிச்சு போல.

மண்ணைப் போட்டு மூடிடலாம்னுதான் நான் சொன்னேன். கத்தரிக்கா முருங்கை வைக்கலாம், ஏதோ பிரயோஜனம். வீட்டுக்காரருக்கு மனசு வரல. அதுக்குள்ள டிங்கி பரிசோதனைக்கு வந்த ஆளுங்க பாத்துட்டு, மருந்து போட்டு, இப்படியே விட்டா கொசு சட்டத்துல 500 வெள்ளி கம்பவுண்ட் அபராதம் வரும்னு தன்மையா சொல்லிட்டுப் போனாங்க. மூடணும், இல்ல சுத்தம் பண்ணணும், ரெண்டுல ஒன்னு. மண்ணு லோரிக்கு விலை கேட்டேன், கேட்டதுக்கு அப்புறம் நானும் சுத்தம் பண்ற கட்சிக்கு மாறிட்டேன்.

விலை போட வந்த ஆளு மொத்தத் தண்ணியையும் இறைச்சிட்டு கழுவிடலாம், ஒரே நாள் வேலைன்னாரு. நல்ல வேளையா கட்டுமான சைட்ல சூப்பர்வைசரா இருக்கிற எங்க மச்சான் அன்னிக்கு வீட்டுல இருந்தாரு. மழைக்காலத்துல நிலத்தடி தண்ணி மேல இருக்கும், உள்ள இருக்கிற தண்ணியோட கனம்தான் தொட்டியை அமுக்கிப் புடிச்சிருக்கு, காலி பண்ணினா அது தொட்டி இல்ல மாமா, சம்பான் படகுன்னு சொன்னாரு. காலியான பூல் அப்படியே மண்ணை விட்டு எழும்பி, தரை விரிஞ்சு, பைப்பெல்லாம் முறிஞ்ச கதை நெறைய உண்டாம். அடியில அழுத்தத்தை விடுறதுக்கு ஒரு வால்வு வைப்பாங்க, நம்மதுல அது இருக்கா, இருந்தா ஆறு வருஷத்துல அடைச்சிருக்கா, யாருக்குத் தெரியும். அதனால பாதித் தண்ணிக்கு மேல எறக்கல. வலை போட்டு இலை அள்ளுனோம், அள்ளுனோம், ரெண்டு வாரம் அள்ளுனோம். செம்பனைத் தோட்டத்துல வேலை செய்யிற பங்களாதேஷ் பையன் ரெண்டு பேரு ஞாயித்துக்கிழமை வந்து உதவி செஞ்சாங்க. பம்ப்பு இறுகிக் கிடந்துச்சு, ஃபில்டர்ல இருந்த மணலு கேக்கு மாதிரி கட்டியாயிருச்சு, உடைச்சு எடுத்து புது மணலு கொட்டுனோம். அப்புறம் படிகாரம் கரைச்சு ஊத்தி பம்ப்பை நிறுத்தி வச்சோம், மறுநாள் அழுக்கெல்லாம் பஞ்சு மாதிரி அடியில படிஞ்சு கிடந்துச்சு, அதை ஃபில்டருக்கு விடாம நேரா வெளியே உறிஞ்சுனோம். ஆயா காலத்துல கெணத்துத் தண்ணிக்கு தேத்தாங்கொட்டை உரசிப் போடுவாங்களாம், இதுவும் அதே வேலைதான்னு அப்பா சொன்னாரு. அப்பா பூல் விஷயத்துல வாயைத் திறந்தது அன்னிக்குதான் முதல் தடவை.

ஏப்ரல் மாசம் தண்ணி தெளிஞ்சுது. இனிமே என்ன செய்யணும்னு சாமான் வாங்குன கடையில கேட்டேன். ஒரு வாளி மாத்திரையைக் கொடுத்து, வாரத்துக்கு ரெண்டு மூணு மிதக்கிற டப்பாவுல போடுங்க, வேற எதுவும் தேவை இல்ல, ரொம்ப ஈசின்னாங்க. உள்ளங்கை அளவு, ஒவ்வொன்னும் 200 கிராம். உண்மையிலேயே ரொம்ப ஈசியாதான் இருந்துச்சு. ஏப்ரல்ல இருந்து தீபாவளி வரைக்கும்.

31 வருஷம் பால் கட்டினவரு

அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா எங்களோடதான் இருக்காரு. எஸ்டேட் ரப்பர் ஸ்டோர்ல வேலை. பாலுக்கு மரப்பட்டையை வெட்டுறவங்க காண்டா வாளியில கொண்டாந்து ஊத்துற பாலை அளந்து, வடிகட்டி, தண்ணி கலந்து, ஆசிட் ஊத்தி கட்ட வைக்கிறது, மறுநாள் உருளையில கொடுத்து ஷீட்டாக்கி பொகைக் கொட்டாய்க்கு அனுப்புறது. இப்ப அந்த ஸ்டோரும் இல்ல, ரப்பரும் இல்ல, எல்லாம் செம்பனை. 1877ல வந்த முதல் ரப்பர் கன்றுகள்ல ஒன்னு மரமா இன்னும் பக்கத்துல குவாலா கங்சார்ல நிக்குது, அதைச் சுத்தி வேலி போட்டு போர்டு வச்சிருக்காங்க. அப்பாவைக் கூட்டிட்டுப் போய் காட்டுனேன், அண்ணாந்து பாத்துட்டு "வெட்டாம விட்டா இப்படித்தான் பெருத்துப் போவும்"னாரு, திரும்பி வந்துட்டாரு.

பூல் மேல அவருக்கு ஆரம்பத்துல இருந்தே ஒரு கசப்பு. வாயை விட்டு சொல்லல. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுல பத்து வீட்டுக்கு ஒரு பைப்பு, காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், வாளி வரிசையில நின்னு வளந்தவரு, மக வீட்டுல 48,000 லிட்டர் தண்ணி சும்மா நிக்குது, அதுவும் குடிக்க முடியாத தண்ணி. நான் ஒரு நாள் பெருமையா கணக்கு சொன்னேன், எட்டு பெருக்கல் நாலு பெருக்கல் சராசரி ஆழம் ஒன்னரைன்னு. அவரு கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு "எங்க லயத்துக்கே ஒரு வாரத்துக்கு வரும்"னு மட்டும் சொன்னாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது. சரிதானேப்பான்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன்.

தீபாவளிக்கு அப்புறம் நான் அந்தக் கடைக்கு மூணு தடவை போனேன். முதல் தடவை பாசி மருந்து கொடுத்தாங்க, நீல கலரு, செம்பு கலந்தது, பச்சை போச்சு, பத்து நாள்ல திரும்ப வந்துச்சு, படிக்கட்டு ஓரம் வேற கறை புடிச்சுக்கிச்சு. ரெண்டாவது தடவை ஷாக் பவுடர், குளோரினை ஒரே அடியா ஏத்துறது. மூணாவது தடவை மாத்திரையைக் கூட்டிப் போடச் சொன்னாங்க. போட்டேன். ஒவ்வொரு தடவையும் அளந்தா குளோரின் 3, சில நாள் 4 கூட. ஒரு கட்டத்துல எனக்கு கிட்டு மேலயே சந்தேகம் வந்துருச்சு, அது மலிவான கிட்டு, மஞ்சள் கலர் காட்டுறது, வேலை செய்யிற குளோரினையும் ஏற்கனவே அழுக்கோட சேந்து செத்துப்போனதையும் சேத்துதான் காட்டும். ஆனா அது மட்டும் காரணமா இருந்தா மூக்கை எரிக்கிற அந்த நெடி அடிச்சிருக்கணும், அது குளோரின் வாடைன்னு நாம சொல்றது, உண்மையில செத்த குளோரினோட வாடை. எங்க தண்ணியில அந்த வாடையே இல்ல.

டிசம்பர்ல ஒரு சாயங்காலம், மழை விட்டு ஈரம் சொட்டிக்கிட்டு இருக்கு, நான் மாத்திரை வாளியை திறந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்பா வந்து பக்கத்துல குந்துனாரு. வாளியைத் திருப்பி, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு, பின்னாடி இருந்த பொடி எழுத்தை எழுத்துக் கூட்டி படிச்சாரு. டிரை... குளோரோ... ஐசோ... சயனூரிக் ஆசிட். ஆறாவதோட படிப்பை நிறுத்துனவரு, இங்கிலீஷ் பேச வராது, ஆனா ஸ்டோர் பீப்பாய்ல இருக்கிற பேரையெல்லாம் அவருக்கு படிக்கத் தெரியும். படிச்சிட்டு கேட்டாரு, "இதுல குளோரின் இருக்கு, ஆசிட்டும் இருக்கு. குளோரின் பாசியைக் கொன்னுட்டு வெயில்ல போயிடும்னு நீயே சொல்ற. அந்த ஆசிட்டு எங்கம்மா போவுது?"

எனக்கு பதில் தெரியல. எங்கயும் போகாது.

இதுதான் விஷயம், இதுக்குத்தான் இவ்வளவு நீட்டி எழுதுறேன். அந்த சயனூரிக் ஆசிட்டு ஒரு குடை மாதிரி. வெறும் குளோரின் நம்ம ஊரு வெயில்ல ஒரு மணி நேரத்துல பாதிக்கு மேல காணாமப் போயிடும், இந்த ஆசிட்டு அதைப் புடிச்சி வச்சிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விடும். 30ல இருந்து 50 பிபிஎம் வரைக்கும் இருந்தா நல்லது. ஆனா குளோரின் செலவாகும், இது செலவாகாது. வெயில்ல போகாது, ஆவியில போகாது, ஃபில்டர்ல நிக்காது. ஒவ்வொரு மாத்திரையும் கரையும்போது எங்க பூல்ல ரெண்டு பிபிஎம்முக்கு மேல இதை விட்டுட்டுப் போகுது. ஏழு மாசம், எழுபது மாத்திரை. புடிச்சி வைக்கிற கை கூடிக்கிட்டே போகுது, விடுற கை சிறுசாயிக்கிட்டே வருது. கிட்டுல 3ன்னு காட்டுற குளோரின் தண்ணியில இருக்குறது நிஜம்தான், ஆனா கையைக் கட்டிப்போட்ட காவக்காரன். பாசி அவன் மூக்குக்கு முன்னாடியே குடித்தனம் நடத்துது.

நான் இதை ராத்திரி பூரா படிச்சிட்டு மறுநாள் காலையில அப்பாகிட்ட விளக்குனேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. அவரு கோப்பியை ஊதிக்கிட்டே கேட்டுட்டு, "இது அமோனியா கதை"ன்னாரு. பாலு ஸ்டோருக்கு வந்து சேர்றதுக்குள்ள தானா கட்டிக்காம இருக்க கொஞ்சம் அமோனியா போடுவாங்க. அளவாப் போட்டா பாலு காப்பாத்தப்படும். கை தாராளமா போட்டுட்டா அந்தப் பாலு ஆசிட்டை முழுங்கிக்கிட்டே இருக்கும், எப்பவும் ஊத்துற அளவு ஊத்துனா மறுநாள் காலையில தொட்டியில கொழகொழன்னு நிக்கும், ஷீட்டே வராது. "புது மண்டோரு, மேஸ்திரி ஒருத்தன் இருந்தான், பாலு கெட்டுடப் போவுதுன்னு பயந்து பயந்து போடுவான். அவன் கொண்டாந்து ஊத்துன அன்னிக்கு எனக்கு ஆசிட்டு ரெட்டிப்பு செலவு. கணக்கெழுதுற கிராணிகிட்ட திட்டு வாங்குறது நானு." ஏழு மாசமா எங்க பூலுக்கு நான்தான் அந்த மண்டோரு.

ஒரு பங்கு பாலு, ரெண்டு பங்கு தண்ணி

சரி, எவ்வளவு இருக்குன்னு அளக்கணுமே. பழைய கிட்டுல அந்த அளவு கிடையாது. கோலாலம்பூர்ல இருந்து வேற கிட்டு வரவழைச்சோம், சொட்டு எண்ணிப் பாக்குறது. அதுல சயனூரிக் ஆசிட் அளக்குற முறை கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். பூல் தண்ணியும் மருந்துத் தண்ணியும் சரிபாதி கலந்தா பால் மாதிரி கலங்கும். அதை ஒரு மெல்லிய குழாய்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டு மேல இருந்து பாக்கணும், அடியில ஒரு கருப்புப் புள்ளி இருக்கும், அது எந்தக் கோட்டுல மறையுதோ அதுதான் அளவு. ரொம்பக் கலங்கலா இருந்தா சீக்கிரமே மறையும், அப்ப அளவு அதிகம்னு அர்த்தம். குழாய்ல அடியில இருக்கிற கடைசிக் கோடு 100. நான் ஊத்துறேன், அந்தக் கோட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே புள்ளி போயிருச்சு. நூறுக்கு மேலன்னு தெரியுது, எவ்வளவு மேலன்னு தெரியல. 110ஆ, 300ஆ? 110னா கொஞ்சம் தண்ணி மாத்துனா போதும், 300னா நான் பழைய கத்தரிக்கா யோசனைக்கே திரும்பிடுவேன்.

அப்பா சிரிச்சாரு. பூல் விஷயத்துல அவரு சிரிச்சதை அன்னிக்குதான் பாத்தேன். "மெட்ரோலாக்கு கேள்விப்பட்டிருக்கியா?" கண்ணாடிக் குண்டு மாதிரி அடியும் நீளக் கழுத்தும் இருக்கிற ஒரு கருவி, பால்ல மிதக்க விட்டா எவ்வளவு ரப்பர் இருக்குன்னு கழுத்துல இருக்கிற கோடு சொல்லும். பால்ல தண்ணி கலந்து எடையை ஏத்துறவங்களை கிராணி புடிக்கிறதே அதை வச்சுதான். "ஆனா அதை நேரா பால்ல விட மாட்டாங்க. பாலு கெட்டி, சரியா காட்டாது. ஒரு பங்கு பாலு, ரெண்டு பங்கு தண்ணி, கலக்கி அதுல விட்டு, வர்றதை மூணால பெருக்கணும்." சொல்லிட்டு அவரே எழுந்து போய் பைப்பைத் திறந்து ஒரு கிளாஸ்ல பாதி புடிச்சாரு, மீதி பாதிக்கு பூல் தண்ணி. "இதை அளந்து ரெண்டால பெருக்கு."

80ல புள்ளி மறைஞ்சுது. அப்ப 160.

நான் அந்தக் குழாயைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். 160 இருந்தா பாசி வராம இருக்க குளோரின் எப்பவும் 12 பிபிஎம் கிட்ட நிக்கணும், நான் 3ஐ வச்சுக்கிட்டு நல்லா இருக்குன்னு நம்பி பிள்ளைங்களை எறக்கிவிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஒத்து வராத பேரேட்டுல காணாமப் போன வரி அதுதான். நான் அளந்தது எல்லாம் சரி, அளக்காத ஒன்னுதான் கணக்கையே மாத்துது. கடை மேல கோவம் வந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன், மூணு தடவை போனேனே, ஒரு தடவை கூட இதை அளந்து பாத்தீங்களான்னு கேக்கல. ஆனா அளக்காம மாத்திரையைப் போட்ட கை என்னோடதுதானே.

பாதி, அப்புறம் அதுல பாதி

இதுக்கு மருந்து கிடையாது. தண்ணியை எடுத்துட்டு புதுத் தண்ணி விடணும், அது ஒன்னுதான் வழி. 160ஐ 40 ஆக்கணும்னா முக்கால் வாசி மாத்தணும், ஆனா ஒரே அடியா எறக்குனா சம்பான் கதை. பாதி எறக்கி நெரப்புனா 80, இன்னொரு தடவை பாதின்னா 40. மழை குறையிற வரைக்கும் பொறுக்கணும், அதனால ஜனவரி முழுக்க மாத்திரையை நிறுத்திட்டு, குளோரின் தண்ணியை எக்கச்சக்கமா ஊத்தி காலத்தைத் தள்ளுனோம். பிப்ரவரி வெயில் வந்துச்சு, வாடகைக்கு பம்ப்பு எடுத்தோம். பம்ப்பைப் போடப் போற அன்னிக்கு காலையில அப்பா வந்து முன்னாடி நிக்கிறாரு. 24,000 லிட்டரை லோங்காங் சாக்கடையில விடக் கூடாதாம். "ரெண்டு தடவைக்கு எவ்வளவு ஆச்சு, கணக்கு போடு." போட்டேன், 48,000. பூல் அளவுக்கு பூல். அவரு லயம்னு சொல்லல, நானும் சொல்லல.

குளோரின் இருக்கிற தண்ணியை செடிக்கு விட முடியாது, மீனு இருக்கிற கால்வாய்க்கும் விடக் கூடாது. அப்ப குளோரினை விட்டுடுன்னாரு. நாலு நாள் எதுவும் ஊத்தாம வெயில்ல போட்டோம், சொட்டு மருந்து போட்டா ரோஸ் கலரே வரல, சைபர். அதுக்கு அப்புறம் பின் வேலிக்கு அந்தாண்டை மலாய் மக்சிக் (அத்தை) வச்சிருக்கிற வாழைக்கும், மரவள்ளிக்கும், எங்க முருங்கைக்கும் ஒரு ராத்திரி ஒரு பகல் ஓஸை மாத்தி மாத்திப் புடிச்சாரு. 70 வயசு, முட்டிக்கால் வலி வேற. நான் போய் மாத்திவிடுறேன்பான்னு சொன்னா, "உனக்கு எந்த வாழைக்கு எவ்வளவுன்னு தெரியாது"ன்னு ஒரே பதில். நெரப்புறது ராத்திரியிலதான், பகல்ல பைப்பை முழுசா திறந்தா பக்கத்து வீட்டுல தண்ணி நூலா வரும். பத்து நாள் கழிச்சு ரெண்டாவது பாதி.

புதுத் தண்ணி வந்த உடனே வேற கூத்து. மாத்திரை ஏழு மாசமா புளிப்பாக்கிக்கிட்டே இருந்துச்சு, பைப்புத் தண்ணி மென்மையான தண்ணி, கால்சியம் 30 பிபிஎம் கூட வரல. சுத்தி எங்க பாத்தாலும் சுண்ணாம்பு மலை, தண்ணியில மட்டும் சுண்ணாம்பு இல்ல. தண்ணிக்கு கால்சியம் பத்தலன்னா அது டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமெண்டைத் தின்னும், பசியில இருக்கிற தண்ணின்னு நான் பேரு வச்சிருக்கேன். ஆழமான பக்கத்துல ஏற்கனவே ரெண்டு டைல்ஸ் ஆட்டம் கண்டுருச்சு. 200க்கு ஏத்த கால்சியம் குளோரைடு 12 கிலோ ஆச்சு, வாளித் தண்ணியில கரைச்சா வாளியே சுடுது, அப்பா தொட்டுப் பாத்துட்டு கையை உதறுனாரு. பிஎச் ஆடாம இருக்க காரத்தன்மை 80க்கு மேல இருக்கணும், எங்களுக்கு 50. அதுக்கு ஆப்பச்சோடா போதும், மூணு கிலோவுக்கு மேல. டவுன்ல மளிகைக் கடை அண்ணன் நிறுத்துக்கிட்டே, "என்னக்கா, ஆப்பக்கடை போடுறீங்களா"ன்னாரு. பூலுக்குன்னு சொன்னா நம்பல.

பிஎச்சைக் குறைக்க ஆசிட் ஊத்துற வேலை மட்டும் அப்பா யாருக்கும் கொடுக்க மாட்டாரு. முதல்ல வாளியில தண்ணி, அதுக்கு மேல ஆசிட், மாத்தி ஊத்துனா மூஞ்சியில தெறிக்கும்னு 31 வருஷப் பழக்கம். ஆசிட்டையும் குளோரினையும் ஒரே அலமாரியில வச்சிருந்ததைப் பாத்துட்டு என்னைத் திட்டுன திட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குனதுக்கு அப்புறம் அதுதான். ரெண்டும் கலந்தா விஷ வாயு, அது எனக்கும் தெரியும், தெரிஞ்சுதான் வச்சிருந்தேன்னு சொல்ல வாய் வரல. மாத்திரை மிச்சம் இருந்த டப்பாவுல சலவைத் தூள் மாதிரி இருக்கிற குளோரின் பவுடரைக் கொட்டி வைக்கலாம்னு வீட்டுக்காரர் எடுத்துக்கிட்டு வந்தாரு, அது அதைவிட மோசம், கொஞ்சம் ஈரம் பட்டா தீப்புடிக்கும், வெடிக்கும். இந்த ஒன்னை மட்டும் படிக்கிறவங்க தயவு செஞ்சு ஞாபகம் வச்சுக்குங்க.

இப்ப மாத்திரை கிடையாது. 12 சதவீத குளோரின் தண்ணி, ஒரு லிட்டர் ஊத்துனா எங்க பூலுக்கு ரெண்டரை பிபிஎம் ஏறும். வெயில்ல வச்சா கெட்டுப் போகும், அதனால கொஞ்சம் கொஞ்சமாதான் வாங்கணும், தினம் ஊத்தணும், ஈசியே இல்ல. ரெண்டாவது தடவை நெரப்பி முடிச்ச அன்னிக்கு மிச்ச மீதி பாசியைத் தீக்க ஒரே அடியா ஆறரை லிட்டர் ஊத்துனோம், 16க்கு ஏறுச்சு, செவுத்தைத் தேச்சோம், குறையக் குறைய ஊத்துனோம். பாசி செத்துருச்சான்னு எப்படித் தெரியும்னா, பொழுது சாஞ்சதும் அளக்கணும், விடியிறதுக்கு முன்னாடி திரும்ப அளக்கணும். ராத்திரியில வெயில் கிடையாது, அப்பவும் குளோரின் குறைஞ்சா எதுவோ அதைத் தின்னுது. ஒரு பிபிஎம்முக்கு உள்ள குறைஞ்சா தண்ணி சுத்தம். விடியிறதுக்கு முன்னாடின்னா ஐந்து மணி. அந்த நேரத்துக்கு இந்த வீட்டுல எழுந்திருக்கிறது ஒரே ஆளுதான், எஸ்டேட்ல விடியக்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போன உடம்பு. முதல் நாள் 4 குறைஞ்சுது, ரெண்டாவது நாள் 2, நாலாவது நாள் நான் எழுந்து வர்றப்ப டார்ச் லைட்டை கக்கத்துல இடுக்கிக்கிட்டு சொட்டு எண்ணிக்கிட்டு இருந்தாரு, திரும்பாமலே "அரைதாம்மா"ன்னாரு.

அதுக்கு அப்புறம் ஒரு நீளமான நோட்டு வாங்கிட்டு வந்து கோடு போட்டு வச்சிருக்காரு. எஸ்டேட்ல ஆளுங்க வேலையைப் பதியிற செக்ரோல் மாதிரி, தேதி, குளோரின், பிஎச், ஊத்துனது. மழை பெய்ஞ்ச நாளுக்கு அந்தக் காலத்துப் பழக்கத்துல ஓரத்துல 'மழை'ன்னு எழுதுறாரு. அவரு இதுவரைக்கும் தண்ணியில எறங்கல, கால் நனைக்கிறது கூட இல்ல, கேட்டா, "நான் குளிச்ச ஆத்துக்கு யாரு ஆப்பச்சோடா போட்டா"ன்னு கேக்குறாரு. மாசத்துக்கு ஒரு தடவை சயனூரிக் ஆசிட் அளக்குறது மட்டும் ரெண்டு பேரும் சேந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி, குழாயை இடுப்பு உயரத்துல புடிச்சிக்கிட்டு. அதுலதான் சண்டை. எனக்கு புள்ளி 50லயே மறைஞ்சு போகுது, அவருக்கு 40 வரைக்கும் தெரியுதாம். கண்ணு பொறை ஆபரேஷன் செஞ்சு புது லென்ஸு வச்ச கண்ணு, உன் கண்ணைவிட தெளிவுன்னு வாதம் பண்றாரு. போன வாரமும் ஒத்து வரல. நோட்டுல இப்ப அதுக்கு மட்டும் ரெண்டு கட்டம் போட்டிருக்காரு, ஒன்னுல 'அப்பா 40', பக்கத்துல சின்ன எழுத்துல 'மக 50'.